சாந்தகுமாரின் இரண்டாவது பிரேக்

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே செபிக்கிறார் சாந்தகுமார். உதடு மட்டும் அசைகிறது. பார்வை பக்கக் கண்ணாடியில். சிலுவை அடையாளம் போட்டு முடித்ததும், "சரி, இனி ஆண்டவர் தன்ர வேலையைப் பாப்பார். நீங்க கிளச்சை மிதிங்கோ" என்கிறார். கொட்டாஞ்சேனையில் பதினெட்டு வருடமாகக் கார் ஓட்டப் பழக்கும் இந்த மனிதர், செபிக்காமல் ஒரு பாடத்தையும் தொடங்கியதில்லை.

எல் போர்ட் மாட்டிய அந்தக் காரில், அவர் உட்காரும் இடப்பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அவருடைய வலது சப்பாத்து மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோவது அதனால்தான். ஜிந்துப்பிட்டியில் யாராவது மரக்கறி வண்டிலை உரசப் போனால் பட்டென்று அதை மிதித்துவிட்டு, "இது ஆண்டவற்ர சித்தமில்ல, உங்கட சித்தம்" என்பார். குரல் உயராது.

லைசன்ஸ் எடுக்கும் ட்ரயலில் நான்கு தடவை தவறிய நளீபா, புடவைக் கடைக்காரி, ஒருநாள் அவரை மடக்கினார்.

"எல்லாம் மேல எழுதினபடிதானே, மாஸ்டர்?"

"எழுதினது அவர்தான். ஆனா ஸ்டியரிங்கை உங்கட கையில தந்திருக்கிறார். ஒரு பிரேக்கைத் தன்னட்ட வெச்சிருக்கிறார்."

"அப்ப நாலு தரம் என்னைப் பெயிலாக்கினது ஆரு?"

ஆமர் வீதி வரைக்கும் கியரையும் கண்ணாடியையும் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில், "அதைப் பாதரிட்டத்தான் கேக்கோணும்" என்றார். நளீபா சிரித்துக்கொண்டே ஐந்தாவது ட்ரயலுக்குத் திகதி கேட்டார்.

பங்குனியில் சாந்தகுமாரின் மனைவி மேனகாவின் மார்பில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. இப்போதே வெட்டி எடுத்தால் சுகமாகலாம் என்றார் டொக்டர். மேனகா மறுத்துவிட்டார். "அவற்ர சித்தமெண்டா தானாச் சுகமாகும். இல்லாட்டி வெட்டி என்ன பிரயோசனம்?"

ஊருக்கெல்லாம் தான் சொல்லித் திரிந்த சொல், சமையலறையிலிருந்து தன்னை நோக்கியே வருவதைச் சாந்தகுமார் கேட்டுக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரிப் படிவத்தில் கையெழுத்துக்கு ஓர் இடந்தான் இருந்தது. அது மேனகாவுக்கு உரியது. காலால் துழாவிப் பார்க்க இங்கே இரண்டாவது பிரேக் இல்லை.

"நீ இருக்கோணும் எண்டதுதான் என்ர ஆசை. மிச்சம் உன்ர முடிவு" என்று ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு மூன்று நாள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. மற்றக் கதையும் குறைந்துபோனது. கதைக்காத சாந்தகுமாரை அந்த ஒழுங்கைச் சனம் கண்டதில்லை. பக்கத்து வீட்டார் தொண்டை நோவோ என்று விசாரித்தார்கள். அவர் பாட்டுக்குத் தேத்தண்ணி போட்டார், சீனியை மறந்தார். மீன் வெட்டப்போய், பூனைக்குத்தான் நல்ல பங்கு கிடைத்தது.

நாலாம் நாள் காலை, அந்தச் சீனியில்லாத தேத்தண்ணியைக் குடித்தபடி மேனகா சொன்னார்: "டொக்டருக்கு அறிவியுங்கோ, வெட்டட்டும். அந்தாளின்ர கையையும் ஆண்டவர்தானே குடுத்தவர். ஆனா நீங்க சொன்னதால எண்டு மட்டும் நினைக்காதேங்கோ."

"நான் ஒருக்காத்தானே சொன்னனான்."

"ஓம். ஒருக்காச் சொல்லிப்போட்டுச் சும்மா இருந்தீங்கள். அதாலதான்."

சாந்தகுமார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெளியே காரைத் துடைக்கப் போனார். துடைத்த காரையே மறுபடி துடைத்தார்.

ஒப்பரேஷன் வருகிற செவ்வாய்க்கிழமை. நேற்றுப் பூசை முடிந்ததும், ஆவணியில் மடு மாதா கோவில் திருவிழாவுக்குப் போகும் பஸ்ஸுக்குத் தேவாலய வாசலில் பெயர் எழுதினார்கள். பொறுப்பாக இருந்த சாமினிக்கு வீட்டு விஷயம் தெரியும். தயங்கித் தயங்கி ஒரு பென்சிலை நீட்டினார்.

"அக்கான்ர பேரை மட்டும் இதால எழுதுங்கோ அண்ணா. பிறகு தேவையெண்டா அழிக்கலாம்."

சாந்தகுமார் பென்சிலை வாங்கி மேசையில் வைத்தார். சாமினியின் மறு கையிலிருந்த பேனாவை எடுத்து, மேனகாவின் பெயரைப் பெரிதாக எழுதி, பக்கத்திலே 'யன்னல் சீட்' என்றும் சேர்த்தார்.