சிவந்த மரம் தேடிய மதியம்

அந்தப் படத்தில் அண்ணன் போட்டிருக்கும் கறுப்புக் கோட்டு என்னுடையது. கை நீளம் போதாமல் மணிக்கட்டு வெளியே தெரியும். பின்னால், பரமட்டா ஆற்றோரப் பூங்காவில் உச்சி முதல் அடிக்கிளை வரை சிவந்த ஒரு மரம். ஆளுக்கு என்ன குறை என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். அப்படிச் சொல்ல வேண்டும் என்றே எடுத்த படம்.

கூடப் பிறந்த அண்ணன் இல்லை, நான் வேலை பார்க்கும் அலுவலகத்தைச் சுத்தம் செய்ய வருபவர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர், அகதியாகப் படகில் வந்தவர். பத்து வருடத்துக்கும் மேலாகத் தற்காலிக விசா. நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. நான் விமானத்தில் வந்த மதுரைக்காரன், எனக்கு எல்லாம் சீக்கிரமே கிடைத்துவிட்டது. அந்தக் கூச்சத்தில்தானோ என்னவோ, அவருக்குக் காரோட்டி ஆனேன். இங்கே இலைகள் சிவந்து உதிரும் ஒவ்வொரு மே மாதமும் கேட்பார், "தம்பி, இந்தக் கிழமை எந்தப் பார்க்கில சிவந்திருக்கு?" ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் படம் அனுப்பத்தான். முதல் படத்தைப் பார்த்து அம்மா பதறிப்போனாராம்: "ஏன் மோனை மரமெல்லாம் பட்டுப்போகுது? அங்கயும் தண்ணி இல்லையோ?" இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் தன் அறையிலிருந்து மட்டும் வீடியோவில் பேசவே மாட்டார். "நாலு பேர் படுக்கிற அறையைக் கண்டா அம்மா அழுதிடுவா."

போன மே மாதம், ஒரு சனிக்கிழமை மதியம் அவருடைய தங்கை அழைத்தாள். அம்மா ஆஸ்பத்திரியில், இன்றைக்குத் தாங்காது, உங்களைப் பார்க்கக் கேட்கிறார். நானும் அண்ணனின் அந்த அறையில்தான் இருந்தேன். அந்த நிமிடமே பேசியிருக்கலாம். "இஞ்ச இருந்தோ? வேண்டாம் தம்பி, பார்க்குக்கு விடுங்கோ" என்றார். நானாவது தடுத்திருக்க வேண்டும். சாவியை எடுத்தேன்.

இரண்டு நாள் காற்றில் இலையெல்லாம் கொட்டிவிட்டிருந்தது. ஆற்றோரத்தில் மொட்டை மரங்கள். அடுத்த பூங்காவில் குழந்தைகள் சருகை வாரி இறைத்து விளையாடினார்கள். மூன்றாவதில் ஒரு மரம் மஞ்சளாக நின்றது. இது போதும் என்று சொல்லியிருக்கலாம். "இன்னொரு இடம் இருக்குண்ணே, பத்தே நிமிஷம்" என்றேன். எனக்குத் தெரியாத பூங்காவா என்கிற திமிர். தங்கை விடாமல் அழைத்தாள். "வாறன் பிள்ளை, அஞ்சு நிமிசம்" என்று ஒவ்வொரு முறையும் கெஞ்சினார்.

நான்காவது இடத்தில் நல்ல சிவப்பில் ஒன்று கிடைத்தது. வழக்கம்போல் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன், பொத்தான் போடக்கூட நிற்காமல் ஓடினார். திரையில் அம்மாவின் முகம், மூக்கில் குழாய். அண்ணன் முதலில் மரத்தைத்தான் காட்டினார். "பாருங்கோ அம்மா. நான் நல்லா இருக்கிறன்."

"மரத்தை விடு மோனை. உன்ர முகத்தைக் காட்டு."

அவர் கைப்பேசியைத் திருப்புவதற்குள் அம்மாவின் கண்கள் மூடியிருந்தன. "அம்மா, இஞ்ச பாருங்கோ, நான்தான்" என்று கத்தினார். இலை பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கைதான் பதில் சொன்னாள், "அண்ணா, அவவுக்கு இனிக் கேக்காது."

ஒரு வருடமாக அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. போன வாரம், சென்னையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பெண், இலை பார்க்க எங்கே போகலாம் என்று என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன். குப்பைப் பையை மாற்றிக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தார். நான்கு பூங்காக்களின் பெயரையும் நிதானமாகச் சொன்னார். நாங்கள் கடைசியாகப் போனதுதான் முதலில்.

"காத்து அடிக்க முன்னம் போங்கோ, பிள்ளை" என்றார்.