அண்ணி பிரித்து வைத்த சிப்பிகள்

டீசல் இல்லாமல் பஸ்கள் நின்றுபோன மாதங்களில், நான் வேலை பார்த்த கொழும்பு ஆய்வுக்கூடத்தில் எங்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். ஒரு பெட்டி நிறையப் போத்தல்களோடு தெஹியோவிட்டவுக்கு மேலே எங்கள் வீடு இருக்கும் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய இடத்தில், கடலடிச் சேற்றைச் சலித்து, கிடைத்ததை அந்தப் போத்தல்களில் ஸ்பிரிட்டில் போட்டிருந்தார்கள். அதிலிருக்கும் புழு, நண்டு, சிப்பி எல்லாவற்றையும் இனம் பிரித்து எழுத வேண்டும். தோண்டிய பிறகு அங்கே எது மிஞ்சியது என்று தெரிய வேண்டும்.

அண்ணி காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, மத்தியானம் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்ததும் எனக்கு உதவ உட்காருவார். ஒருநாள் சில சிறிய கறுப்புச் சிப்பிகளை ஒரு சோசரில் தனியாக வைத்திருந்தார்.

“இது வேற போல. உள்ளுக்குப் பாரு, கூரான மூக்குக்கிட்ட சின்னத் தட்டு மாதிரி இருக்கு. மத்ததுல அது இல்ல.”

நான் லென்ஸைக் கையில் எடுக்கவே இல்லை. கடலையே இரண்டு தடவைதான் பார்த்தவர் எனக்குச் சொல்லித் தருவதா என்றிருந்தது.

“நீங்க பால் வெட்டுறத பாருங்க அண்ணி. இது படிச்சவங்க வேலை.”

சோசரில் இருந்ததை மற்றவற்றோடு கொட்டி, உள்ளூர்ச் சிப்பி என்றே எழுதினேன். மறுநாளும் அவர் வந்து உட்கார்ந்தார். எதையும் தனியாக வைக்கவில்லை.

அடுத்த வருடம் அதே இடத்தில் கடலடிக்குச் சுழியோடியவர்கள், கல்லும் செத்த ஓடுகளும் தெரியாமல் கறுப்புச் சிப்பி கொத்துக் கொத்தாக மூடியிருப்பதாகச் சொன்னார்கள். கப்பல்களின் அடியில் ஒட்டிவந்த வெளிநாட்டு இனம். தோண்டிக் குலைத்த இடத்தில் சுலபமாகக் குடியேறிவிட்டது. மூக்கருகே உள்ள தட்டுதான் அதன் அடையாளம். என் பழைய போத்தல்களைத் திறந்து பார்த்தேன். அதேதான். முன்பே தெரிந்திருந்தால் பரவாமல் இருக்க ஏதாவது செய்திருக்கலாமே என்று ஆய்வுக்கூடக் கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

பிழையாக எழுதிவிட்டேன் என்று ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பான மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் ஏசவில்லை. அந்தத் தட்டை முதலில் கவனித்தது யார் என்று மட்டும் சிங்களத்தில் கேட்டார். நான்தான், ஆனால் நிச்சயமில்லாமல் விட்டுவிட்டேன் என்றேன். எல்லோர் முன்னாலும் என் நேர்மையைப் பாராட்டினார். எனக்குக் காது சுட்டது.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அண்ணியிடம், நீங்க சொன்னதுதான் சரி என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

“யாரு முதல்ல கண்டதுன்னு கேட்டாங்களா?”

“கேக்கல அண்ணி.”

சரி என்று தலையாட்டிவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார். இன்றுவரை அவரிடமும் மேடத்திடமும் அதைத் திருத்திச் சொல்லவில்லை.