தறிக்காரி படித்த பேச்சுப் பாடம்

தறியை விடச் சொன்னார் டாக்டர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டதாம். எனக்கு வேறு வேலை தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அருப்புக்கோட்டையில் விசைத்தறிதான் ஓட்டுகிறேன். வீடு திருச்சுழி ரோட்டில். வீட்டுக்காரரும் நான் ஓட்டும் அதே தறிக் கொட்டகையில்தான், அந்தச் செட்டில் எனக்கு எதிர்த் தறி.

டவுனில் சமுதாயக் கல்லூரி இருக்கிறது, எட்டாவது படித்திருந்தால் போதும் என்றார்கள். நான் எட்டாவதுதான். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை விசாரித்து உட்காரவைக்கும் வேலைக்கான படிப்பு. அதில் கம்யூனிகேஷன் என்று ஒரு பாடம். கடைசியில் ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் வருவார், அவர் முன்னால் பேசிக் காட்ட வேண்டும். பேசினால் வேலை. பேசாவிட்டால் திரும்பவும் தறி, திரும்பவும் இருமல்.

"பேசுறதுக்கு ஒரு படிப்பா?" என்றார் வீட்டுக்காரர். "எங்கம்மாகிட்டப் பேசுறதுக்கு எந்தக் காலேசுல படிச்ச?"

"அது தானா வந்துச்சு" என்றேன்.

வகுப்பில் எல்லாம் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள். டீச்சருக்கே என்னைவிட வயது குறைவு. காரியாபட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார். என் முறை வந்தது. எழுந்தேன். ஊர், தறி, வீடு எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இருந்த பிள்ளை என்னைப் பார்த்து, "அக்கா, மியூட்ல இருக்கீங்க" என்றது. வகுப்பே சிரித்தது.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வாய் மட்டும்தான் அசைந்திருக்கிறது. சத்தம் வரவில்லை.

தறிச் செட்டில் அப்படித்தான். தறி போடும் சத்தத்தில் மனிதக் குரல் எடுபடாது. கத்தினால் தொண்டைதான் போகும். அதனால் சத்தம் விடாமல் வாயை மட்டும் அசைப்போம், எதிரே நிற்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். நூல் அறுந்துபோச்சு, டீ வந்துருச்சு, மேஸ்திரி வாராரு, எல்லாம் உதட்டில்தான். அது உடம்போடு ஒட்டிவிட்டது. பதட்டம் வந்தால் சத்தம் உள்ளேயே நின்றுகொள்ளும்.

கேட்கும்போதும் அதே பழக்கம்தான். யார் பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்ப்பேன். ஒரு நாள் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"என் வாயில ஏதும் ஒட்டியிருக்காக்கா?"

"இல்ல டீச்சர். நான் அப்படித்தான் கேப்பேன்."

அவர் கோபப்படவில்லை. "வீட்டுல யாராவது உங்க வாயைப் பார்க்காம கேக்கட்டும். அப்ப சத்தம் வந்தே ஆகணும்" என்றார்.

வீட்டில் சொன்னேன். அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வாசலில் முக்காலியைப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் நிலைப்படியில் நின்றேன்.

"ம், பேசு."

பேசினேன்.

"கேக்கல."

இன்னொரு தடவை பேசினேன்.

"ஏ புள்ள, ரோட்டுல ஆட்டுக்குட்டி கத்துறது கேக்குது. நீ பேசுறது கேக்கல."

எரிச்சலில் சத்தம் வந்தது. நோயாளியிடம் கேட்பதுபோலக் கேட்டேன். "உங்களுக்கு என்ன செய்யுதுங்க?"

"தேள் கொட்டிருச்சு."

"எந்த எடத்துல?"

"அத டாக்டர்கிட்டதான் சொல்லுவேன்."

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு மட்டும் நன்றாகக் கேட்கிறது என்றார். தினமும் வேலை விட்டு வந்து அப்படியே உட்காருவார். அலுப்பில் சில நாள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். அப்போது கூடுதல் சத்தம் போட்டுப் பேசிப் பழகினேன்.

பேசிக் காட்டும் நாள் வந்தது. ஆஸ்பத்திரி மேலாளர் மேசைக்குப் பின்னால் இருந்தார். கோபத்தில் இருக்கும் நோயாளி மாதிரி அவர் நடிப்பார், நான் சமாளிக்க வேண்டும். எழுந்து மேசையைத் தட்டினார்.

"எவ்வளவு நேரமாக் காத்துக் கெடக்குறது? டாக்டர் எங்கேம்மா?"

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவர் காதை முன்னால் நீட்டினார். ஓரத்தில் நின்ற டீச்சர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். எனக்கு இருமல்தான் வந்தது. நன்றாக இருமினேன். இருமி முடித்தபோது குரலும் வந்துவிட்டது.

"ஐயா, உங்களுக்கு முன்னாடி ஒரு புள்ளத்தாச்சி வந்திருக்கா. வலி கண்டுருச்சு. அவளை உள்ள அனுப்பிட்டு அடுத்து உங்களைத்தான் கூப்பிடுவேன். உக்காருங்க, தண்ணி கொண்டாரேன்."

மூலையில் கேன் இருந்தது. ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அவர் வாங்கிக் குடித்தார். உட்கார்ந்தார்.

"சார், நீங்க இன்னும் சண்டை போடணும்" என்றார் டீச்சர்.

"எங்கேம்மா போடுறது? அதான் உக்காந்துட்டேனே" என்றார் அவர். என்னைப் பார்த்து, "திங்கக்கிழமை வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நல்லது" என்றார். பெடல், கம்பி எல்லாம் துடைத்து முடித்தார். பிறகு துணியை உதறிக்கொண்டே கேட்டார்.

"அப்ப இனிமே நான் செட்டுல யாருகூடப் பேசுறது?"

"வீட்டுக்கு வந்து பேசுங்க" என்றேன்.