எஞ்சினுக்குக் களை வேணும்

ரயில் எஞ்சினுக்கு மார்க் போடுகிற கிறுக்கு எனக்கு உண்டு. பாளையங்கோட்டையில் கோர்ட் ஆபீஸில் வேலை. சாயங்காலம் வேலை முடிந்து இறங்கினால் ஸ்கூட்டர் நேரே வீட்டுக்குப் போகாது, ரயில்வே கேட் பக்கம்தான் போய் நிற்கும். வருகிற எஞ்சினை மூஞ்சிக்கு நேராகப் பார்த்து, பத்துக்கு இவ்வளவு என்று போடுவேன். மனசுக்குள் மட்டும் போட்டிருந்தால் வம்பே இல்லை. என் வாய் அப்படி அடங்கிக் கிடக்கிற வாயா?

அழகு வேறு, களை வேறு. இதை நான் சொல்லி அறுக்காத ஆள் ஆபீஸில் கிடையாது. அழகு என்பது வெறும் பெயின்ட். இன்றைக்கு நீலம் அடிப்பான், நாளைக்குச் சிவப்பு அடிப்பான். களை என்பது அமைப்பு. பழைய டீசல் எஞ்சினுக்கு முன்னால் நீளமாக ஒரு மூக்கு. ஓட்டுகிறவர் அதற்குப் பின்னால் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்ப்பார். அளந்து பார்த்தால் கோணல்தான். ஆனால் கரும்புகையைத் துப்பிக்கொண்டு, உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது பார்க்கணுமே! கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது போடலாம்.

கரண்ட் எஞ்சின் மூஞ்சி தட்டை. இரண்டு கண்ணாடி, நடு நெற்றியில் விளக்கு. விளக்கு கொஞ்சம் மேலே ஏறினாலும், கண்ணாடி கொஞ்சம் சிறுத்தாலும் போச்சு, திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கும். பெட்டி ஒரு நிறம் எஞ்சின் ஒரு நிறம் என்றால் சேலைக்குச் சேராத ஜாக்கெட் மாதிரி கண்ணை உறுத்தும். சிலதுக்கு உடம்பு பூரா விளம்பரத்தை ஒட்டி விடுகிறான். சிமென்ட் மூட்டைப் படத்தைப் போட்டுக்கொண்டு ஒரு எஞ்சின் வந்தால் எனக்கு வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. புதுசாக ஒரு வெள்ளை ரயில் விட்டானே, கூர்மூக்கு வைத்து, ஊரே வாயைப் பிளந்து செல்பி எடுத்தது. அதில் எது முகம், எது முதுகு என்றே எனக்குப் பிடிபடவில்லை. ஆறு போட்டேன், அதுவும் சுத்தமாக இருந்ததற்காக.

என் மகள் சின்னப் பிள்ளையாக இருக்கையில் ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப் போவேன். அவளும் மார்க் போடுவாள். எது வந்தாலும் பத்து. கரி அப்பி, எண்ணெய் வழிந்து, ஒரு கண்ணாடி விரிசல் விட்ட சரக்கு எஞ்சினா? அதற்கும் பத்து.

"ஏட்டி, எல்லாத்துக்கும் பத்து போட்டா அது மார்க்கா? நல்லா பாரு, அது மூஞ்சில களை இருக்கா?" என்று அதட்டுவேன்.

"பாவம்லாப்பா. அவ்வளவு பெட்டியையும் ஒத்தையில இழுத்துட்டு வருது" என்பாள் உதட்டைப் பிதுக்கி.

அதற்கெல்லாம் மார்க் கிடையாது என்று சொல்லிக் கொடுத்த மகானுபாவன் நான்தான்.

இப்போது அவளுக்கு மெட்ராஸில் வேலை. வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வந்தவர்கள் எல்லாம் கேசரியைத் தின்றுவிட்டு, "கலந்துட்டுச் சொல்லுதோம்" என்று போனவர்கள்தான். அவள் அப்படியே என் சாடை. அகன்ற நெற்றி, சின்னக் கண், தாடை கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கும். இதே மூஞ்சியை வைத்துக்கொண்டு நான் கல்யாணம் முடித்தேன், பிரமோஷன் வாங்கினேன், டவுணில் நாலு பேர் வணக்கம் வைக்கும்படி நடக்கிறேன். ஒரு பயல் எனக்கு மார்க் போட்டதில்லை.

போன தடவை வந்த பையன் தங்கமான பையன். இரண்டு பேரும் மொட்டைமாடியில் பேசிவிட்டு இறங்கி வந்தபோது என் மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டே வந்தாள். அடுக்களைக்குள் போய் அவள் அம்மாவிடம், "நல்லா பேசுதாங்கம்மா" என்று மட்டும் சொன்னாளாம். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பதில் சொல்கிறேன் என்றார் தரகர்.

ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் போன் வரவில்லை. அவளை ரயில் ஏற்றிவிட ஜங்ஷனுக்குப் போனோம். எஸ் நாலு கோச்சில் அவள் பெட்டியை வைத்துவிட்டு, வழக்கம்போல எஞ்சினைப் பார்க்க அவளை முன்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே நின்றதே ஒன்று! விளம்பர ஸ்டிக்கர் பாதி உரிந்து, நெற்றி விளக்கில் ஒன்று அவிந்து, சாணி நிறத்தில்.

"அட கிரகச்சாரமே, இதெல்லாம் ஒரு மூஞ்சியா? மருந்துக்குக்கூடக் களை இல்ல. மூணு. மூணே ஜாஸ்தி" என்றேன்.

அவள் சிரித்தாள். அப்போதுதான் போன் அடித்தது. தரகர். பிளாட்பார இரைச்சலில் ஒரு எழவும் காதில் விழவில்லை. புத்திகெட்டவன், ஸ்பீக்கரைப் போட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீக. படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் அவுகளுக்குத் திருப்திதான். பொண்ணு மூஞ்சில களை கொஞ்சம் கம்மின்னு நெனைக்காக."

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. "களையா? என் பிள்ளைக்கு மார்க் போட அவுக யாருவே?" என்று கத்தினேன். பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போனை அமர்த்திய பிறகுதான், என் வாயிலிருந்து என்ன வார்த்தை வந்தது என்று எனக்கே உறைத்தது.

மகள் என்னைப் பார்க்கவில்லை. எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இதுக்கு மூணுன்னு சொன்னீக."

"அதை விடுட்டி இப்ப."

"எனக்கு எவ்வளவு போடுவீக?"

உடனே சொல்லியிருக்கணும். பத்து என்று சொல்ல என்ன கேடு? ஆனால் என் கண் பழகிப்போன கண். அவள் கேட்டதும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றி, கண், தாடை என்று மேலிருந்து கீழே ஒரு ஓட்டு ஓட்டினேன், கேட் பக்கத்தில் நின்று எப்படிப் பார்ப்பேனோ அப்படியே. கண் மூடித் திறக்கிற நேரம்தான். அதை அவள் பார்த்துவிட்டாள். சின்ன வயசிலிருந்து என் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகின பிள்ளை, அவளுக்குத் தெரியாதா நான் என்ன செய்கிறேன் என்று?

"சரிப்பா, வாங்க, நேரமாயிட்டு" என்று முன்னால் நடந்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. அவள் பின்னாலேயே போனேன். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டச் சொன்னேன். அதைச் சொல்ல மட்டும் வாய் வந்தது.

வண்டி நகர்ந்ததும் என்னால் தாங்க முடியவில்லை. ஜன்னல் கூடவே ஓடினேன். "பத்து! ஏட்டி, பத்து!" என்று கத்தினேன். அவள் காதில் கை வைத்து, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள். சூட்கேஸோடு ஓடிவந்த ஒருத்தர் என் தோளைத் தட்டி, "எஸ் பத்தா அண்ணாச்சி? முன்னாலயா, பின்னாலயா?" என்றார். நான் பின்பக்கம் கையைக் காட்டினேன். ஓடினார், பாவம். நான் காட்டின திசையாவது சரியாக இருந்திருக்கணும்.

வீட்டில் அவள் அம்மாவிடம், பையன் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கை கழுவும்போது கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்க்கவே கூசியது.

காலையில் அவளிடமிருந்து வாட்ஸப் வந்தது. "வந்து சேந்துட்டேன்பா. அந்த எஞ்சின் பாவம், எங்கயும் மக்கர் பண்ணாம இழுத்துட்டு வந்துட்டு. எக்மோர்ல எறங்கினதும் முன்னால போய்ப் பாத்தேன். பத்து போட்டுட்டேன்."

எனக்கு எவ்வளவு என்று கேட்கத்தான் போனை வெகு நேரம் கையில் வைத்திருந்தேன். கேட்கவில்லை. எனக்கும் பாவம் பார்த்து அவள் பத்து போட்டுவிடுவாளே என்று பயமாக இருந்தது.