விறகடுக்கில் சட்டை உரித்த பாம்பு

வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தும், வெந்நீருக்கு விறகுதான் வேண்டும் என்று பிடிவாதமாகப் பரளச்சிப் பக்கமிருந்து ஒரு லோடு வேலிக்கருவை வாங்கிப் பின்புறம் அடுக்கியிருந்தேன். கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, அதன் மேல் நல்ல பாம்பு படுத்திருந்தது. முதலில் பார்த்தவள் என் மனைவி. ஏழு மாதக் கர்ப்பிணி. அதற்கு முன் இரண்டு தடவை கலைந்துபோயிருந்தது.

நான் கம்பைத் தூக்கிவிட்டேன். எனக்கு எதிலும் அவசரம்.

"அடிச்சிராதீக!" என்றாள்.

பொண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் பாம்பை அடித்தால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள் எங்கள் பக்கம். இதையெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து கிண்டல் செய்கிற ஆள் நான். ஆனால் இதுவும் தவறிப்போனால் நான் அடித்த பாம்புதான் காரணம் என்று அவள் நினைப்பாள். நானும் நினைப்பேன். அதுதான் பயமாக இருந்தது. கம்பைச் சுவரில் சாய்த்தேன்.

சரி, வேறு யாராவது அடிக்கட்டும் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு, "நான் மாலை போட்டிருக்கேன்லப்பா" என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினார். எதிர்வீட்டுக்காரன் கடப்பாரையோடு ஓடி வந்தான். என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏலே, ஒன் வீட்லயும் அஞ்சாவது மாசம்தான?" என்றேன். கடப்பாரையை அப்படியே கீழே வைத்துவிட்டான்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டு, துவைக்கிற கல்லுக்கு இந்தப் பக்கம் நான்கு பேரும் நின்றோம்.

பாம்பு எங்களைச் சட்டைசெய்யவே இல்லை. சொரசொரப்பான ஒரு கட்டையில் மூக்கைத் தேய்த்தது. திரும்பத் திரும்பத் தேய்த்தது. உதட்டோரம் தோல் பிரிந்தது. பிறகு கட்டைகளின் இடுக்கில் நுழைந்து, நெளிந்து, ஓய்ந்து, மறுபடி நெளிந்து, ஈர சாக்ஸை உருவுவதுபோல பழைய தோலைப் பின்னால் விட்டுக்கொண்டே முன்னேறியது. அரைமணி நேரம் இருக்கும்.

வால் நுனியும் விடுபட்டபோது, நாங்கள் அடிக்கப் பார்த்த பாம்பா இது என்று இருந்தது. வெயில் பட்டு ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக மினுங்கியது. ஒரே ஒரு தடவை படம் எடுத்து நின்றது. கோயில் வாசலில்கூடச் செருப்புக்குக் காவல் நிற்கிற நான், மறைக்காமல் சொல்கிறேன், கையெடுத்துக் கும்பிட்டேன். அது தலையைத் தாழ்த்தி, முள்வேலிக்குள் புகுந்து, பருத்திக் காட்டுக்குள் போய்விட்டது.

போன் செய்து, வண்டி வர வேண்டாம் என்று சொன்னோம். மற்ற இருவரும் கலைந்தார்கள். அவள் மட்டும் விறகடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வெறகப் பூராம் அள்ளிருங்க," என்றாள். "பிள்ளை தவழ்ந்து வாற எடம்."

ஏழு மாதமாக அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள். முதல் கட்டையைத் தூக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.