ஒன்பது பெயர்கள் தெரிந்த திரை

முதலாளி என்னிடம் கேட்டது ஒரே ஒரு விளக்கு. சர்வர் இயங்கினால் பச்சை, நின்றுபோனால் சிவப்பு. அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை. பெயர்களைச் சேர்த்தவள் நான்.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை வைத்திருக்கும் நிறுவனம் எங்களுடையது. வண்டிகள் ஓடுவது பெரும்பாலும் வடமாநிலங்களில். அங்குள்ள கிளைகளில் இருப்பவர்களும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுமாக ஒன்பது பேர், வி.பி.என். என்னும் பூட்டிய பாதை வழியாக அலுவலகக் கணினிக்குள் வந்துபோனார்கள். அந்தப் பாதைக்கு வாசலாக இருந்த சர்வர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றுபோய், திங்கட்கிழமை பகல் வரை எவருக்கும் தெரியாமல் கிடந்தது. அதன் பிறகுதான் அந்த விளக்கு வேண்டும் என்றார்.

நான் கணினி அறிவியல் படித்தவள். ஆனால் கல்லூரியில் என்னை அறிந்தவர்கள் பேச்சாளராகவே அறிந்தார்கள். முதலாளியும் அப்படித்தான். பேச்சுப் போட்டிக்குப் பரிசு கொடுக்க வந்தவர், வேலையையும் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு விளக்கை மட்டும் பொருத்திவிட்டு ஒதுங்கி நிற்க என் பயிற்சி இடம் தரவில்லை. அவையோர் நிமிர்ந்து பார்க்க ஏதேனும் வேண்டும். ஒவ்வொருவரின் கணினியும் கடைசியாக எப்போது தன்னோடு தொடர்பைப் புதுப்பித்துக்கொண்டது என்பதை சர்வர் குறித்து வைத்திருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை அந்த நேரத்தை எடுத்து, மூன்று நிமிடத்துக்கு உட்பட்டதென்றால் பச்சை, கடந்ததென்றால் சிவப்பு என்று ஒன்பது பெயர்களையும் பெரிய எழுத்தில், சுவரில் மாட்டிய டி.வி.யில் தோன்றச் செய்தேன்.

திறந்துவைத்த அன்று உதிரிபாகக் கிடங்கில் இருந்தவர்கள் உட்பட அனைவரும் வந்து நின்றார்கள். நான் பேசினேன். "மனிதர் மறப்பார், இந்தத் திரை மறக்காது. மனிதர் மறைப்பார், இந்தத் திரை மறைக்காது. மனிதர் முகம் பார்ப்பார். இந்தத் திரை உண்மையை மட்டுமே பார்க்கும்." மூன்றாவது அடிக்குக் கைதட்டல் விழும் என்று கணித்திருந்தேன். விழுந்தது.

அன்றிலிருந்து முதலாளி காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் சாமி படத்தைப் பார்க்குமுன் திரையைப் பார்த்தார்.

இரண்டாவது வாரம் அவர் என்னைக் கூப்பிட்டார். "ஏன் அம்முணி, சேந்தமங்கலத்துப் புள்ள பேரு எந்நேரமும் செவந்தே கெடக்குதே?"

அவர் சொன்ன அக்கா, மாமியார் பக்கவாதத்தில் விழுந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். கணவர் லாரியோடு போனால் திரும்பப் பத்து நாள் ஆகும். மாமியாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வீட்டில் வேறு ஆள் கிடையாது. ரிக் வண்டிகளோடு இருக்கும் பணியாளர்களைப் போனில் பிடித்து, எத்தனை அடி இறங்கியது, எந்தப் பாகம் உடைந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு, மாலையில் மொத்தமாகக் கணினியில் ஏற்றுவது அவர் வேலை.

"பாத்துச் சொல்றேனுங்க" என்றேன்.

"பாக்க என்ன இருக்குது? ஒண்ணாந் தேதியிலிருந்து டெய்லி ஆபீசுக்கு வரச் சொல்லு. முடியாதுன்னா நின்னுக்கச் சொல்லு. நீதான சொன்ன, திரை முகம் பார்க்காதுன்னு?"

அக்காவை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். "ஏஞ் சாமி, காலையில இருந்து ரிக்குக்காரங்களோட கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போச்சு. நான் எங்க தூங்குறேன்? உங்க டி.வி.க்குத்தான் காது கேக்கலையாட்டிருக்குது."

சர்வரின் முன்னால் உட்கார்ந்தேன். உதிரிபாகக் கிடங்குக்குப் பின்னால் சன்னல் இல்லாத சிறிய அறை அது. ஏ.சி. போட்டாலும் கிரீஸ் வாடை போகாது. பிழையைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் பாதையில் தகவல் ஏதேனும் போனால்தான் தொடர்பு புதுப்பிக்கப்படும். போனில் பேசிக்கொண்டிருக்கும் ஒருவருடைய கணினி மௌனமாக இருக்கும். மௌனமாக இருந்தால் நேரம் பழையதாகும், பெயர் சிவக்கும். வடநாட்டுக் கிளையில் மதியம் முழுக்கக் குறட்டை விடும் ஒருவர், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு நாள் முழுதும் பச்சையாக இருந்தார். திரை தொடர்பைப் பற்றிச் சொன்னதில் தவறில்லை. அது மனிதர்களைப் பற்றிச் சொல்கிறது என்று முழங்கியவள் நான்.

விவாத மேடையில் எனக்குக் கற்பித்த முதல் பாடம், சொன்ன சொல்லிலிருந்து இறங்காதே என்பது. ஒரு நாள் முழுக்க இறங்காமல் இருந்தேன். மறுநாள் முதலாளியின் அறையில் நின்று, மூன்று காரணங்களை வரிசைப்படுத்தி, என் கருத்தை நானே மறுத்தேன். நன்றாகவே பேசினேன். அதுதான் காரியத்தைக் கெடுத்தது.

அவர் சிரித்தார். "அன்னைக்குக் காலேஜ்ல காலையில ஒரு பக்கம் பேசினே, மத்தியானம் பைனல்ல அதுக்கு எதிர்ப்பக்கம் பேசினே. ரெண்டுக்கும் நாந்தான் கை தட்டுனேன். நீ எந்தப் பக்கம் வேணாலும் பேசுவ அம்முணி. இப்ப அந்தப் புள்ள மேல பாவம் பாத்துப் பேசுற. அதுவும் நல்ல மனசுதான். ஆனா முடிவு அன்னைக்குச் சொன்னதுதான்."

வெளியே வந்தபோது திரையில் அக்காவின் பெயர் சிவந்திருந்தது. ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாட்கள் இருந்தன. அதற்குப் பிறகு நான் பேசிய எந்த வாக்கியமும் எனக்கே ஒரு போட்டிப் பேச்சைப் போலக் கேட்டது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை, எவரிடமும் சொல்லாமல், திரையில் பத்தாவதாக முதலாளியின் பெயரைச் சேர்த்தேன். அவருடைய மடிக்கணினியை மொபைல் இணையத்தில் போட்டு, மற்ற ஒன்பது பேரையும் போல வி.பி.என். வழியாகவே இணைத்துக் கொடுத்தேன். "அய்யா, நம்ம நாக்பூர் வண்டியில சுத்தியல் உள்ளயே மாட்டிக்கிச்சாமா. நீங்க ஒருக்கா பேசுனீங்கன்னா தேவலைங்க" என்றேன். சுத்தியல் என்பது குழிக்குள் பாறையை உடைத்துக்கொண்டு இறங்கும் இரும்பு. அது மாட்டிக்கொண்டதாகக் காலையில் அக்காதான் சொல்லியிருந்தார். பழைய டிரில்லரான முதலாளிக்கு இதைவிட இனிய பேச்சு உலகில் இல்லை.

கதவு திறந்தே இருந்தது. "கம்ப்ரசர் ஏரைக் கொறைடா! ஒரேயடியாப் புடிச்சு இழுக்காதீங்கடா, ராடு முறிஞ்சு போயிரும்!" என்று அவர் போனில் கத்திக்கொண்டிருந்தது அலுவலகம் முழுதும் கேட்டது. நான் திரைக்கு எதிரே நின்றேன். மூன்று நிமிடம் சென்றது. பின்னும் ஒரு நிமிடம். அவருடைய பெயர் சிவந்தது. எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஒருவர் இருமினார்.

கால்மணி நேரம் கழித்து, சுத்தியலை மீட்ட பெருமையோடு வெளியே வந்தவர் திரையைப் பார்த்தார். தன் அறையைத் திரும்பிப் பார்த்தார். மீண்டும் திரையைப் பார்த்தார்.

"அடக் கருமமே! என்னையும் வேலவெட்டி இல்லாதவன்னு போட்டுருச்சே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்தான் முதலில் சிரித்தார். "செரி, செரி. அந்தப் புள்ள ஊட்டுலயே இருந்து பாக்கட்டும்" என்றார். என் முதுகில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. அது தரையைத் தொடுமுன் அவர் மறுபடி பேசினார்.

"அப்ப நெசமா வேலை நடக்குதான்னு காட்டற மாதிரி ஒண்ணு போட்டுரு அம்முணி. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா அவங்கவங்க கம்ப்யூட்டர்ல தெரியறதைப் படம் புடிச்சு அனுப்பற சாப்ட்வேர் இருக்குதுன்னு மச்சான் சொன்னாப்ல. உன்னால முடியுமா?"

ஒரு மதியத்தில் முடியும். படங்கள் வரும். அக்காவின் படங்களில் மாலை வரை நிரப்பப்படாத ஒரே பக்கம் திரும்பத் திரும்பத் தெரியும். முதலாளி அவற்றையும் சுவரில் மாட்டச் சொல்வார்.

"முடியாதுங்க" என்றேன்.

"ஏன்?"

அவர் மட்டுமல்ல, அலுவலகமே காத்திருந்தது. எதற்கும் மூன்று காரணம் வைத்திருப்பவள் நான்.

"நம்ம சர்வர் தாங்காதுங்க."

"நீயே சொன்னா செரிதான்" என்று சொல்லிவிட்டு அவர் டீ கேட்டார். உண்மையை அழகாகச் சொன்னபோது நம்பாதவர், ஒரு பொய்யை மூன்று சொல்லில் நம்பினார்.

அன்று மாலையே பெயர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். முதலில் கேட்கப்பட்டது போல ஒரு விளக்கு மட்டும் சுவரில் எரிந்தது. அதன் எச்சரிக்கை என் போனுக்கு மட்டுமே வரும்படி வைத்தேன், சர்வரை வேறு யாரும் திறந்து பார்க்க வேண்டிய தேவை வராதபடி.

அடுத்த மாதம் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்திலிருந்து எனக்கு வேலைக் கடிதம் வந்தது. நான் விரும்பி எழுதிக் கேட்டிருந்த வேலை. பதில் சொல்ல ஒரு வாரம் தந்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் அந்தக் கடிதத்தைத் திறந்தேன். என் நாற்காலியில் வந்து உட்காரப் போகும் அந்த முகம் தெரியாத நபரை நினைத்தேன். அவர் திறமைசாலியாக இருப்பார். முதல் வாரத்திலேயே முதலாளி அந்தப் படம் பிடிக்கும் சாப்ட்வேரைக் கேட்பார். அவர் நேர்மையாக, "தாராளமா முடியுங்க" என்பார்.

வாரம் கழிந்தது.

சில நாட்களுக்குப் பின் அக்கா போனில் கேட்டார். "கோயமுத்தூருக்குப் போறேன்னீங்களே, என்னாச்சு சாமி?"

"போகலீங்க்கா."

"அப்பாடா. உங்க கம்ப்யூட்டர்க் கதையெல்லாம் இன்னொருத்தர்கிட்ட முதல்ல இருந்து கேக்கணுமேன்னு இருந்தேன். இருங்க, அத்தையைப் புரட்டிப் போட்டுட்டு வாரேன்."

போனை மேசையில் கவிழ்த்து வைக்காமல், காதோடு வைத்தபடியே காத்திருந்தேன். சுவரில் விளக்கு பச்சையாக இருந்தது.