எட்டாவது ஆளை எடுத்த செல்வி

போன புதன்கிழமை ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். போன வாரப் பத்தியை மெயிலில் அனுப்பத்தான். அன்றைக்குப் பார்த்து நெட் நகர மறுத்தது.

கடைக்காரர் காதர் பாய், அதுவரை ஒரு கேம் ஆடுங்களேன் என்றார். இந்த வயதில் கேமா? சரி... ஆடினால்தான் என்ன?

எனக்கு எதிராளியாக அமைந்தவர் செல்வி. தேவிபட்டினத்துத் திருநங்கை. கல்யாண வீடுகளில் சமையல் வேலை. முகூர்த்தம் இல்லாத நாட்களில் பஸ் ஏறி வந்து ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போவாராம்.

சண்டை கேம். திரையில் எட்டுப் பேர் நின்றார்கள். யாராக ஆடப் போகிறோம் என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. மலை மாதிரித் தோள், பாளம் பாளமாக வயிறு - கண்ணாடியில் நான் ஒருநாளும் பார்த்திராத உடம்பு!

செல்வி எடுத்தது எட்டாவது ஆளை. கட்டைக் குரல், உதட்டுச் சாயம், இடுப்பை ஒடித்து ஒடித்து நடை. கேமைச் செய்தவர்கள் ஒரு திருநங்கையை வேடிக்கைக்காகவே நுழைத்திருக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது. அடியிலும் வலு கம்மி.

வேறு நல்ல ஆளாக எடுக்கலாமே என்றேன்.

"எட்டுப் பேருல நம்ம ஆளு இவ ஒருத்திதாண்ணே. நானும் எடுக்காட்டி வேற யாரு எடுப்பா?"

முதல் ஆட்டத்தில் என் மலைத்தோளன் அரை நிமிடத்தில் தரையில் கிடந்தான். இரண்டாவதில் இன்னும் சீக்கிரம். வெறும் கேமுக்கா இவ்வளவு மும்முரம் என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"இவ கீழ விழுந்தா மட்டும் சிரிக்கிற சத்தம் வச்சிருக்காய்ங்க. மத்த ஏழு பேருக்கும் அது இல்ல. அதான் இவள நான் விழவிடுறதில்ல."



மூன்றாவது ஆட்டம். எப்படியோ என் ஆள் தேறிவிட்டான். செல்வியின் ஆளுக்கு மிச்ச உயிரைக் காட்டும் கோடு சிவந்து நூலாக இளைத்துவிட்டது. இன்னும் ஒரே ஓர் உதை... என் விரல் நின்றுவிட்டது. அந்தச் சத்தம் இவர் காதில் விழ வேண்டுமா?

செல்வி திரும்பி என் விரலைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"விட்டுக்குடுக்காதீகண்ணே. அடிங்க."

சுருக்கென்றது. பரிதாபப்படுவதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு இதுவரை எத்தனை பேரிடம் இப்படி நடந்திருக்கிறேனோ?

அடித்தேன். தயவுதாட்சண்யம் இல்லாமல், முழு பலத்தோடு. திரையில் அந்த எட்டாவது ஆள் சட்டென்று குனிந்தாள். என் உதை காற்றில் போனது. அடுத்த நொடி மலைத்தோளன் மல்லாந்து கிடந்தான்.

செல்வி நாற்காலியில் சாய்ந்து நெட்டி முறித்தார்.

"இப்பத்தாண்ணே நீங்க ஆடுனீக."

தோற்றதற்குப் பாராட்டு வாங்கியது என் வாழ்க்கையில் இதுதான் முதல் முறை!